வலிக்காத பல்லைத்தான் அடைக்க முடியும்: முதல் முறை பிள்ளையைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். புதுப் பிள்ளைகளுக்கு "ஆ" சொல்லிக்கொடுக்கும் நாளில் வகுப்பில் இருக்கும் எல்லா வாயும் ஒரேயடியாகத் திறக்கும். அப்போது எழுத்தைவிடப் பற்கள்தான் என் கண்ணில் படும். சில பிள்ளைகளுக்கு மேல் முன்பற்கள் கறுத்துத் தேய்ந்து ஈறோடு ஈறாக நிற்கும். சிலருக்குக் கொடுப்புப் பல்லில், அதாவது கடைவாய்ப் பல்லில், மிளகு அளவு கறுப்புக் குழி. "வலிக்குதா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லையென்று தலையாட்டுவார்கள். அந்தப் பாதிப் பேரின் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்கு ஐந்து வயதில் கீழ்த்தாடையின் கடைசிப் பால்பல்லில் குழி விழுந்தது. "பால்பல்லு தானே, எப்படியும் விழுந்துரும்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு நடுச்சாமத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குள் அடைக்கும் கட்டம் தாண்டிப் போயிருந்தது. பிடுங்கத்தான் முடிந்தது. பிடுங்கிய இடத்துக்குள் பின்னாலிருந்த நிரந்தரக் கொடுப்புப் பல் மெல்ல மெல்லச் சாய்ந்து வந்துவிட்டது. பதினொரு வயதில் அங்கே முளைக்க வேண்டிய பல் இப்போது இடமில்லாமல் நாக்குப் பக்கமாக எட்டிப் பார்க்கிறது.

இளையவனுக்கு நாலரை வயதில் அதே பல்லில் அதே மாதிரிக் குழி. அவனை வலி வருமுன்னே கூட்டிப்போனேன். அரை மணித்தியாலத்தில் பல்லின் நிறத்திலேயே அடைத்து அனுப்பினார்கள். இன்றைக்கும் அந்தப் பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறான்.

எங்கள் பக்கத்தில் பல் டொக்டரிடம் போவதென்றால் வலி வந்து போவதுதான். ஆனால் அடைப்பு என்பது இன்னும் வலிக்காத பல்லுக்கும், இனிப்புப் பட்டால் மட்டும் கூசுகிற பல்லுக்கும் உரிய வைத்தியம். வலி வந்துவிட்டால் பெரும்பாலும் கதை மாறிவிடும். கீழே சொல்வதையெல்லாம் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் வேலை: உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

பிள்ளையை மடியில் மல்லாத்தி, தலை உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி படுக்க வையுங்கள். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) வெளிச்சம் போதாது. ஃபோன் டோர்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலுதட்டைத் தூக்கி, முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு இருந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் குழி இல்லை. பற்பசையிலுள்ள ஃபுளோரைட்டும் நல்ல துலக்கலும் இருந்தால் பல் மீண்டும் இறுகிக்கொள்ளும். அடுத்துக் கொடுப்புப் பற்களின் மேல் பள்ளங்களையும், இரண்டு கொடுப்புப் பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தையும் பாருங்கள். ஒட்டிய இடத்துச் சொத்தை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சோறோ இறைச்சியோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்குகிறது என்று பிள்ளை சொன்னால் அங்கே சந்தேகப்படுங்கள்.

பால்பற்கள் மொத்தம் 20. முதல் பல் ஆறு மாதமளவில் வரும், மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கொடுப்புப் பால்பற்கள் 9 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. நாலு வயதில் குழி விழுந்த பல் இன்னும் ஆறேழு வருடம் மெல்லவும், கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். "விழுந்துரும்" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பல்லுக்குள் பூச்சி என்று ஒன்றும் கிடையாது. வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. பால்பல்லின் மேலோடு நிரந்தரப் பல்லினதைவிட மெல்லியது, உள்ளே இருக்கும் நரம்பறையோ பெரியது. அதனால் பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கிற சொத்தை பிள்ளைக்குச் சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும். "பூச்சி எடுக்கிறேன்" என்று வருகிறவரிடம் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டாதீர்கள்.

அவசரமா, இல்லையா?

குளிர்ந்த தண்ணியோ இனிப்போ பட்டால் கூசி, உடனே நின்றுவிடுகிறதா? அடைக்க ஏற்ற கட்டம்தான். அடுத்த கிழமைக்குள் போய்விடுங்கள்.

இரவில் தானாக வலியெடுத்துப் பிள்ளையை எழுப்புகிறதா? நரம்பு வரை போயிருக்கும். வெறும் அடைப்புப் போதாது. நரம்பறையின் மேல்பகுதியை எடுத்து மருந்து வைத்து மூடுவதா, பிடுங்குவதா என்று டொக்டர் பார்த்துச் சொல்வார்.

ஈற்றில் கொப்புளம், சீழ் இருந்தால் மறுநாளே போங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டாலோ, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஏறினாலோ கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவானாலும் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

அதுவரை வலிக்கு எடைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் சிரப் கொடுக்கலாம். பிள்ளைக்கு அஸ்பிரின் கூடாது. எந்தக் குளிசையையும் பொடித்துப் பல்லுக்குள் வைக்காதீர்கள். கராம்பு எண்ணெயும் பிள்ளையின் மெல்லிய ஈற்றைப் பொசுக்கும், பல்லைக் குணமாக்காது.

எங்கே போவது

அரசாங்க கிளினிக்கில் இந்த வைத்தியத்துக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. பெரிய பாடசாலைகள் சிலவற்றிலும் சுகாதார நிலையங்களிலும் பாடசாலைப் பல் கிளினிக்குகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் பிள்ளைகளின் பல்லுக்கென்றே பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள். 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்ப்பார்கள், அடைப்பும் செய்வார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பாடசாலையில் படிக்க வேண்டும் என்றில்லை. பள்ளிக்கூடம் சேராத பிள்ளையையும் கொண்டுபோகலாமா என்று நேரே கேளுங்கள். உங்கள் பகுதிக்கு எது கிட்ட என்று குடும்ப நல மிட்வைப்புக்கோ தோட்ட டிஸ்பென்சரிக்கோ தெரியும்.

அடுத்தது வைத்தியசாலைப் பல் கிளினிக். நுவரெலியா, டிக்கோயா, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் பல் டொக்டர் இருப்பார். சிக்கலான பல், அல்லது நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் சின்னப் பிள்ளை என்றால் துண்டு எழுதிப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பல் டொக்டர்கள் படிக்கிற இடம் அது, பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் பேராதனை வழியாகத்தான் போகிறது.

ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். என் அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் இரண்டு யோசனை. ஒன்று, போவதற்கு முன் கிளினிக் நடக்கும் நாளையும் அடைக்கும் மருந்து இருக்கிறதா என்பதையும் மிட்வைப் மூலமோ ஃபோனிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். விடியவே போய் நம்பர் எடுங்கள். இரண்டாவது, பல சொத்தைகள் இருந்தால் "ஒரே பக்கத்துப் பல்லையெல்லாம் ஒரு தடவையில் அடைக்க முடியுமா?" என்று கேளுங்கள். ஒரு விறைப்பு ஊசியோடு இரண்டு பல் முடிந்தால் ஒரு நாள் மிச்சம், பிள்ளைக்கு ஒரு குத்தும் மிச்சம்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். இருதயக் கோளாறு, மூச்சு இழுப்பு, மருந்து ஒவ்வாமை ஏதாவது இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

முதல் நாள் இரவு

"சாப்பிடாட்டி பல் டொக்டர்கிட்ட கொண்டு போய் ஊசி போடச் சொல்வேன்" என்று எத்தனை வீட்டில் மிரட்டுகிறோம். மிரட்டிய வாயாலேயே மறுநாள் "ஒண்ணும் செய்ய மாட்டாங்க, வா" என்றால் பிள்ளை எப்படி நம்பும்? "ஊசி இல்லை" என்றும் சத்தியம் பண்ணாதீர்கள், ஒருவேளை போட வேண்டி வரலாம். "பல்லுல அழுக்குக் குழி இருக்கு, அதைச் சுத்தம் பண்ணி வெள்ளைச் சிமெந்து பூசுவாங்க" என்று சொன்னால் போதும். லயத்துச் சுவரில் விழுந்த ஓட்டையை அப்பா சிமெந்து பூசி அடைத்ததை என் மகன் பார்த்திருக்கிறான். அவனுக்கு அந்த ஒரு வசனமே விளங்கிவிட்டது.

வாயைத் திறந்து பத்து எண்ணும் வரை வைத்திருக்கும் விளையாட்டை இரண்டு மூன்று நாள் விளையாடுங்கள். காலையில் வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, பல் துலக்கிக் கூட்டிப்போங்கள். பசியும் தூக்கமும் சேர்ந்த பிள்ளை எந்த டொக்டருக்கும் வாய் திறக்காது.

நாற்காலியில் நடப்பது

முதலில் கண்ணாடிக் கோலால் எல்லாப் பல்லையும் பார்ப்பார்கள். வசதியுள்ள இடத்தில் ஒட்டிய பற்களுக்கு நடுவே பார்க்கச் சின்ன எக்ஸ்ரே எடுக்கலாம். நல்ல கிளினிக்கில் ஒவ்வொரு கருவியையும் முதலில் பிள்ளைக்குச் சொல்லி, கையில் தொட்டுக் காட்டி, அதன் பிறகே வாய்க்குள் கொண்டுபோவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பிள்ளை ஒரு குரலை மட்டும் கேட்கட்டும், உங்கள் கை அதன் காலில் இருந்தால் போதும்.

குழி சின்னதென்றால் விறைப்பு ஊசி இல்லாமலே முடியும். ஆழமென்றால் ஈற்றில் முதலில் விறைக்கிற ஜெல் தடவி, பிறகு ஊசி. மென்மையாகிப்போன சொத்தையை மெஷினாலோ, கரண்டி போன்ற சின்னக் கைக்கருவியாலோ சுரண்டி எடுப்பார்கள். மெஷின் சத்தத்துக்கே நடுங்கும் பிள்ளைக்குக் கைக்கருவி ஒரு வரம். 1980களில் தன்சானியாவில், கரண்டும் மெஷினும் இல்லாத ஊர்களுக்காக வளர்த்தெடுத்த முறை அது. இன்று உலகமெங்கும் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது.

சொத்தை எடுத்ததும் குழியைக் காயவைத்து அடைப்பார்கள். எதைக்கொண்டு அடைக்கிறார்கள் என்பதில் பெற்றோருக்குக் குழப்பம் அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பல்லின் நிறத்தில் இரண்டு வகை மருந்து பொதுவாக உண்டு. ஒன்று கிளாஸ் அயனோமர். கண்ணாடித் தூளையும் ஒரு அமில நீரையும் குழைத்து வைப்பது. லண்டனில் அலன் வில்சன், பிரையன் கென்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியுலகுக்குச் சொன்னது. இது பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஃபுளோரைட்டையும் கசியவிட்டுக்கொண்டிருக்கும். சில நிமிடத்தில் இறுகிவிடும். மேலே வஸ்லீனோ வார்னிஷோ தடவி விடுவார்கள். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிற, ஓரிடத்தில் நிற்காத சின்னப் பிள்ளைக்கு இதுதான் தோது. குறை என்னவென்றால் வலு குறைவு. இரண்டு பல் ஒட்டிய இடத்தில் பெரிய குழியென்றால் சீக்கிரம் உடையலாம் அல்லது தேயலாம்.

மற்றது கொம்போசிட். நிறம் பல்லோடு ஒன்றிப்போகும், வலுவும் அதிகம். ஆனால் அதற்குப் பல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பல்லில் நிறமுள்ள அமில ஜெல்லைச் சில விநாடி வைத்துக் கழுவி, பசை தடவி, மருந்தை மெல்லிய படை படையாக வைப்பார்கள். ஒவ்வொரு படையையும் நீல வெளிச்சம் காட்டி இறுக்குவார்கள். அந்த வெளிச்சத்தை நீங்களும் பிள்ளையும் நேரே பார்க்காதீர்கள். பஞ்சு உருளைகளோ மெல்லிய ரப்பர் விரிப்போ வைத்து எச்சிலைத் தடுப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தால், எவ்வளவு நல்ல மருந்தும் ஓரத்தில் விலகி உள்ளே மறுபடி சொத்தை வரும். எனவே அசையாமல் இருக்கக்கூடிய ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொம்போசிட்டும், அதைவிடச் சின்னதுக்குக் கிளாஸ் அயனோமரும் பொருத்தம் என்பது என் கருத்து. கடைசித் தீர்மானம் வாயைப் பார்க்கிறவருடையது.

"வெள்ளையா அடைக்கணும்" என்று கேட்பதில் வெட்கமில்லை. பழைய வெள்ளி நிற அடைப்பில் பாதரசம் உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022இல் கூடி, பால்பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அதைப் பயன்படுத்த விடக்கூடாது, அல்லது பயன்படுத்த வேண்டாமென்று பரிந்துரைக்க வேண்டும் என முடிவெடுத்தன. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

ஆனால் வெள்ளை மட்டுமே வைத்தியம் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். கொடுப்புப் பல்லில் இரண்டு மூன்று பக்கம் கரைந்திருந்தால், பல்லை முழுதாக மூடும் எஃகுத் தொப்பி எந்த அடைப்பையும்விட நீடிக்கும். சிரித்தால் கொஞ்சம் மின்னும், அவ்வளவுதான். மிகச் சின்னப் பிள்ளைக்கு சில்வர் டயமின் ஃபுளோரைட் என்ற திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்தி வைப்பதும் உண்டு. வலியில்லை, ஊசியில்லை. சொத்தை இருந்த இடம் கறுத்துப்போகும். பூச முன்பே அதைச் சொல்லித்தான் பூசுவார்கள். கறுத்தது கெட்டுப்போனதன் அடையாளம் என்று நினைத்துப் பயப்படாதீர்கள்.

கடைசியில் நிறக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி அடைப்பு உயரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "தட்டுப்படுதா?" என்று கேட்கும்போது பிள்ளை வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலும் அன்றைக்கும்

ஊசி போட்டிருந்தால் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணித்தியாலம் மரத்திருக்கும். பஸ்ஸில் வரும்போது பிள்ளை அந்த உதட்டை விளையாட்டாகக் கடித்துக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் புண்ணாகி வீங்கியிருக்கும். என் வகுப்புப் பிள்ளை ஒருவனுக்குப் பல்லைவிட அந்த உதட்டுப் புண்தான் ஒரு கிழமை படுத்தியது. மரப்புப் போகும் வரை சாப்பாடு வேண்டாம், சூடான தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். கிளாஸ் அயனோமர் வைத்திருந்தால் அன்று முழுக்கக் குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் என்று கொடுங்கள். கொம்போசிட் அப்போதே இறுகிவிடும்.

இரண்டு மூன்று நாள் லேசாகக் கூசலாம். கடிக்கும்போது மட்டும் வலித்தால் அடைப்பு உயரம், திரும்பிப் போய்த் தேய்த்துவிடச் சொல்லுங்கள். அடைப்புக் கழன்று விழுந்தால் "போகட்டும்" என்று விடாதீர்கள், அது திறந்த கதவு.

பிறகு தினமும்

அடைத்த பல்லைச் சுற்றியும் சொத்தை வரும். எங்கள் பிள்ளைகளின் வாய்க்கு மூன்று இடத்தில் தொல்லை.

முதலாவது சீனி, அதிலும் எத்தனை தடவை என்பது. தேயிலை பல்லைக் கெடுப்பதில்லை, அதில் போடும் சீனிதான் கெடுக்கிறது. ஒவ்வொரு வாய் இனிப்புக்கும் பிறகு அரை மணித்தியாலமளவு பல் அமிலத்தில் ஊறுகிறது. காலையில் சீனித் தேத்தண்ணி, பத்து மணிக்குப் பணிஸ், கடையில் டொபி, பின்னேரம் மறுபடி தேத்தண்ணி, இரவு டின்பால் கலந்த போத்தல் என்றால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. இனிப்பைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். போத்தலை வாயில் வைத்துக்கொண்டு தூங்க விடாதீர்கள். வேலை நேரத்தில் பிள்ளையை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவிலும் இதைச் சொல்லி வையுங்கள். அம்மாயி, அப்பாயிமார் பாசத்தில் சீனியைக் கையில் கொட்டிக் கொடுப்பார்கள். அவர்களோடு சண்டை போடாமல், ஒரு நாள் அந்தப் பிள்ளையின் பல்லை டோர்ச் அடித்துக் காட்டுங்கள். என் மாமியார் அதன் பிறகுதான் நிறுத்தினார்.

இரண்டாவது பற்பசை. வடமத்திய மாகாணத்துக் கிணறுகளில் ஃபுளோரைட் கூடிப் பிள்ளைகளின் பல்லில் கறை விழுகிறது. மலைநாட்டுத் தண்ணியில் அது பொதுவாகக் குறைவு. அதனால் நமக்கு ஃபுளோரைட் பற்பசைதான் கை கொடுக்கும். பெட்டியில் ஃபுளோரைட் அளவு 1000 பிபிஎம் (ppm) அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சிறுவர் பற்பசை சிலவற்றில் அதைவிடக் குறைவு. மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணியால் கொப்பளித்துக் கழுவி விடாதீர்கள். கரியும் சாம்பலும் உப்பும் இந்த வேலையைச் செய்யாது.

மூன்றாவது குளிர். விடியற்காலை பீலியடியில் (பொதுத் தண்ணிக் குழாயடியில்) நின்று பல் துலக்கும் பிள்ளை இரண்டு இழுப்பில் முடித்துவிட்டு ஓடிவிடும், அதைக் குறை சொல்ல முடியாது. நான் இரவுத் துலக்கலை அடுப்படிக்கு மாற்றினேன். சாப்பிட்ட பிறகு, அடுப்பில் நெருப்பு இருக்கும்போதே, வெதுவெதுப்பான தண்ணியோடு நானே துலக்கிவிடுகிறேன். அதற்குப் பிறகு தண்ணியைத் தவிர வாய்க்குள் எதுவும் போகாது. ஏழு எட்டு வயது வரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும். பிள்ளையின் கைக்குப் பின்பல் எட்டாது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அடைப்பைக் காட்டுங்கள். ஆறு வயது நெருங்கும்போது கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், ஒரு பல்லும் விழாமலே, புதுக் கொடுப்புப் பல் ஒன்று ஒவ்வொரு பக்கமும் முளைக்கும். அதையும் பால்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அது வெளியே வந்ததும் கூட்டிப்போய், பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிட முடியுமா என்று கேளுங்கள். என் இளையவனுக்கு இந்த மாதம் கீழே வலப்பக்கம் அது நுனி காட்டியிருக்கிறது. வியாழக்கிழமை நம்பர் எடுக்கப் போகிறேன்.